கறுப்புப் பூச்சுக்கு மயங்காதீர்கள்!
டோமாஹாக் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு நேர்மையான வழிகாட்டி

1805 பிப்ரவரி. இன்றைய வடக்கு டகோட்டா மாநிலத்தில் மிசௌரி ஆறு உறைந்து கிடக்கிறது. மாண்டன் என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களுக்குப் பக்கத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய கோட்டைக்குள் ஒரு கொல்லுப்பட்டறை ஓயாமல் எரிந்துகொண்டிருக்கிறது. பசிபிக் கடலைத் தேடிப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவினர் குளிர்காலத்தை ஓட்ட அங்கே தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுக்குத் தானியம் வேண்டும். மாண்டன் மக்களிடம் மக்காச்சோளம் இருக்கிறது. அவர்களுக்கு இரும்பு வேண்டும். ஜான் ஷீல்ட்ஸ் என்ற கொல்லர் சிவக்கக் காய்ச்சிய இரும்பைத் தட்டித் தட்டிப் போர்க்கோடாலிகள் செய்து கொடுக்கிறார். தீயில் கெட்டுப்போன ஒரு பழைய அடுப்பின் தகட்டைக்கூடக் குழுவினர் விட்டுவைக்கவில்லை. 4 அங்குலச் சதுரமாக வெட்டிய துண்டு ஒன்றுக்கு 7 முதல் 8 காலன் மக்காச்சோளம் கிடைத்தது.

அந்த நாட்களில் மெரிவெதர் லூயிஸ் தன் நாட்குறிப்பில் அந்தக் கோடாலியைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்தார். மாண்டன் மக்கள் கேட்டது மெல்லிய, நீண்ட அலகு. காம்போ 14 அங்குலம்தான். மொத்த எடை ஒரு பவுண்டு அளவு. பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அலகு இவ்வளவு நீளமாகவும் காம்பு இவ்வளவு சிறியதாகவும் இருந்தால் வீச்சு குறி தவறும், அடியில் வலு இருக்காது, அதிலும் குதிரைமேல் இருந்து வீசுபவர்களுக்கு இது மிகவும் வசதிக்குறைவு என்பது லூயிஸின் கணிப்பு. அதற்காக அந்தக் கோடாலிகளுக்கு மவுசு குறைந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு ராக்கி மலைகளுக்கு அப்பால் நெஸ் பெர்ஸ் மக்களிடம் அதே பட்டறையில் செய்த ஒரு கோடாலியைக் குழுவினர் கண்டார்கள். பண்டமாற்றிலேயே கைமாறி அது அவர்களை முந்திக்கொண்டு போயிருந்தது.

தோற்றத்துக்காக வாங்குவது, வேலைக்கு எடுத்தபோது ஏமாறுவது. 220 ஆண்டுகள் கழித்து அமெரிக்கச் சந்தையில் ‘டாக்டிகல் டோமாஹாக்’ என்ற பெயரில் விற்கும் கருவிகளிலும் இதே கதைதான் நடக்கிறது. செய்தித்தாளில் டோமாஹாக் என்றால் ஏவுகணை. கடைகளில் அது முகாம் போகிறவர்களும், மரப்பலகையில் குறிபார்த்து வீசும் விளையாட்டுக்காரர்களும், புயலுக்காக அவசரப் பெட்டி கட்டி வைப்பவர்களும் வாங்குகிற கைக்கோடாலி. விலை 40 டாலரிலும் இருக்கிறது, 400 டாலரைத் தாண்டியும் இருக்கிறது. எதற்காக அந்த வித்தியாசம்? குறைந்த பணத்தில் நீடித்து உழைப்பது எது?

போர்க்களத்திலிருந்து கடைக்கு

கல்லாலும் மரத்தாலும் பூர்வகுடிகள் செய்துகொண்ட கைக்கோடாலிக்கு, ஐரோப்பிய வணிகர்கள் வந்த பிறகு இரும்புத் தலை கிடைத்தது. 1775-ல் அமெரிக்கக் காங்கிரஸ் குடிப்படையினர் வைத்திருக்க வேண்டிய பொருட்களைப் பட்டியலிட்டபோது, துப்பாக்கியோடு ஒரு வெட்டுவாள் அல்லது டோமாஹாக் என்று சேர்த்தது. பிறகு அது மெல்ல மறைந்தது.

திரும்பி வந்தது வியட்நாம் போரில். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்படையில் இருந்த பீட்டர் லகானா, 1966-ல் ‘அமெரிக்கன் டோமாஹாக் கம்பெனி’ தொடங்கி, ஒரு பக்கம் வெட்டும் வாயும் மறுபக்கம் கூர்முனையும் கொண்ட கோடாலியை வடிவமைத்தார். அரசு கொள்முதல் செய்யவில்லை; வீரர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு வாங்கினார்கள். 1970 வரை ஏறக்குறைய 4,000 விற்றன. கம்பெனி மூடப்பட்டது. 2000-க்குப் பிறகு அந்த வடிவம் மறுபடி உற்பத்திக்கு வந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பூட்டிய கதவை நெம்பவும், வாகனத்தின் கண்ணாடியை உடைக்கவும் அது பயன்பட்டது. டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் இயங்கும் ‘ஆர்எம்ஜே டாக்டிகல்’ போன்ற பட்டறைகளுக்குப் பெயர் வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

விலை உயர்ந்த அந்தக் கருவிகளின் வெளித்தோற்றத்தைப் பார்த்துச் செய்த மலிவுப் பிரதிகள் பின்னாலேயே வந்தன. கறுப்புப் பூச்சு, ரப்பர் பிடி, முதுகில் முள். இந்த மூன்றும் இருந்தால் போதும், பெட்டியில் ‘டாக்டிகல்’ என்று அச்சடித்துவிடலாம். அந்தச் சொல்லுக்கு எந்தத் தரக்கட்டுப்பாடும் கிடையாது.

எஃகு முதலில்

கோடாலிக்கும் கத்திக்கும் ஒரே எஃகு ஒத்துவராது. கத்தி அறுக்கிறது; அதன் வாய் கடினமாக இருக்க வேண்டும். கோடாலி மோதுகிறது, ஒவ்வொரு அடியிலும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். எஃகு கடினமாகக் கடினமாக நொறுங்கும் குணமும் கூடும். அதனால்தான் நல்ல கத்திகளின் வாய் ராக்வெல் கடினத்தன்மை அளவில் 58, 60 என்று இருக்கும்போது, கோடாலியின் வாயை 50-க்கும் 56-க்கும் நடுவில் நிறுத்துகிறார்கள். “எங்கள் டோமாஹாக் 60 ராக்வெல்” என்று ஒரு விற்பனையாளர் பெருமையாகச் சொன்னால், அது வாங்கக்கூடாது என்பதற்கான காரணம்.

கார்பன் எஃகு துருப்பிடிக்கும். அதற்குப் பயந்துதான் பலர் துருப்பிடிக்காத எஃகைத் தேடுகிறார்கள். வேலைக்குப் பின் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் தீர்ந்துவிடுகிற குறை அது. வாய் மடங்கினாலோ பிளந்தாலோ அப்படித் தீராது. 1055 என்ற எண்ணுள்ள எளிய கார்பன் எஃகு இந்த வேலைக்குப் போதும். விலையும் குறைவு, தோய்ச்சல் போடுவதும் சுலபம், மழுங்கினால் ஒரு சாதாரண அரத்தாலேயே தீட்டிவிடலாம்.

இங்கே தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்கக் கொல்லர்கள் கோடாலிக்கு விரும்பி எடுக்கும் 5160 எஃகு, வண்டிகளின் பட்டை ஸ்பிரிங்குக்கு என்றே பெயர்போன எஃகு. பழைய லாரிப் பட்டையை வாங்கி வந்து காய்ச்சி அரிவாள் அடிக்கிற நம் கொல்லர்களும் அதிர்ச்சி தாங்கும் இந்த ஸ்பிரிங் எஃகைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எஃகின் எண் தெரியாமலே அதன் குணம் தெரிந்தவர்கள் அவர்கள்.

---
பெட்டிச் செய்தி: எண்கள் என்ன சொல்கின்றன?

1055: சுமார் 0.55 சதவீதம் கார்பன். மலிவு, உறுதி. கோல்ட் ஸ்டீல், சிஆர்கேடி, எஸ்ட்விங் நிறுவனங்களின் பல டோமாஹாக்குகள் இதில்தான் செய்யப்படுகின்றன.

5160: சுமார் 0.6 சதவீதம் கார்பன், கொஞ்சம் குரோமியம். ஸ்பிரிங் எஃகு.

4140: குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது. இயந்திர அச்சு, பல்சக்கரங்களுக்குப் பயன்படுவது.

80சிஆர்வி2: சுமார் 0.8 சதவீதம் கார்பன். விலை கூடிய டோமாஹாக்குகளில் காணலாம்.

420: சுமார் 13 சதவீதம் குரோமியம். துரு எளிதில் வராது. கூர்மை நெடுநேரம் நிற்காது.

டி2: கத்திக்கு அருமையானது. மோதும் வேலைக்கு நொறுங்கும் அபாயம் அதிகம்.

எஃகின் எண்ணே போடாமல் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால்: சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.
---

எஃகின் எண் பாதிக் கதைதான். மீதி, தோய்ச்சலில் இருக்கிறது. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்துவது, பிறகு மிதமான சூட்டில் வைத்து விறைப்பைத் தணிப்பது. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்யாத 5160-ஐ விட, ஒழுங்காகச் செய்த 1055 எத்தனையோ மேல். கடையில் இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வாயின் ஓரத்தில் ஒரு நல்ல அரத்தை இழுத்துப் பாருங்கள். லேசாகக் கடித்து மெல்லிய துகள் வந்தால் சரி. வெண்ணெய்போல் அரைபட்டால் தோய்ச்சலே போடவில்லை. வழுக்கிக்கொண்டு போனால் அளவுக்கு மீறிக் கடினம். வாயின் ஓரத்தில் நீலநிறம் படர்ந்திருந்தால், சாணை பிடிக்கும்போது சூடேற்றித் தோய்ச்சலைக் கெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உடைவது தலையல்ல, சேரும் இடம்

தலை இரண்டாகப் பிளந்த டோமாஹாக்கை விட, காம்பும் தலையும் சேரும் இடத்தில் கைவிட்ட டோமாஹாக்குகள்தான் அதிகம். ஒருவர் அதிகக் கவனம் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

மூன்று வகை இருக்கிறது. முதல் வகையில் மெல்லிய தலையை நைலான் காம்பின் பிளவுக்குள் செருகி, போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பெரும் அளவில் விற்கும் ‘எஸ்ஓஜி’ டாக்டிகல் டோமாஹாக் இப்படிப்பட்டது. 420 எஃகுத் தலை, 15.75 அங்குல நீளம், 24 அவுன்ஸ் எடை. கைக்கு லேசு, விலையும் எட்டும். ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் அதிர்ச்சி முழுவதும் அந்த போல்ட் துளைகளைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில்தான் இறங்குகிறது. போல்ட் தளரும், முடுக்க வேண்டும், மறுபடி தளரும். காம்பு விரிசல் விட்டுவிட்டால் அதே மாதிரிக் காம்பைத் தேடி அலைய வேண்டும். கூடாரக் கயிறு கட்ட முளை அடிக்கவும் சிறு கிளை வெட்டவும் போதும். தினப்படி விறகு வெட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் வகை, தலையும் காம்பும் ஒரே எஃகுத் துண்டு. இல்லினாய்ஸ் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் 1923-ல் இருந்து சுத்தியல் செய்யும் எஸ்ட்விங் நிறுவனத்தின் டோமாஹாக் இப்படித்தான். கழன்று போவதற்கு அதில் எதுவுமே இல்லை. ஆர்எம்ஜே போன்றவர்களின் உயர்விலைக் கருவிகளும் இதே வழியில்தான் போகின்றன. இதன் குறை கையில் தெரியும். அதிர்வு நேராக மணிக்கட்டுக்கு வரும். அரைமணி நேரம் வெட்டினால் விரல் மரத்துப்போகும். பனிக்காலத்தில் எஃகுக் காம்பு சில்லிடும்.

மூன்றாவது வகை, மிகப் பழையது. தலையில் உள்ள துளை மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். காம்பும் அதேபோல் மேல்நுனி தடித்து, கீழே மெலிந்திருக்கும். காம்பின் மெலிந்த முனையைத் தலையின் மேல்பக்கத் துளைக்குள் விட்டு, கீழே இழுத்தால், தலை மேலேறி தடித்த இடத்தில் இறுகி நின்றுவிடும். நம் ஊர் பிக்காசுக்குக் காம்பு போடுவது இப்படித்தான். ஆப்பு இல்லை, ஆணி இல்லை. வீச வீசத் தலை வெளிப்பக்கம் தள்ளப்படும். தள்ளத் தள்ள இன்னும் இறுகும். காட்டில் காம்பு முறிந்தால் ஒரு கிளையை வெட்டிச் சீவி மாட்டிக்கொள்ளலாம். தலையை மட்டும் கழற்றிக் கையில் பிடித்தால் தோல் சீவும் கருவி. 18-ம் நூற்றாண்டில் எல்லைப்புறத்தில் வாழ்ந்தவர்கள் இந்த வடிவத்தை ஏன் விடவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கோல்ட் ஸ்டீலின் ‘ட்ரெயில் ஹாக்’ இந்த வகை. 1055 எஃகு, அச்சில் அடித்து உருவாக்கிய தலை, 22 அங்குல ஹிக்கரி மரக் காம்பு. ஆர்எம்ஜேவின் ரயன் ஜான்சனே வடிவமைத்து சிஆர்கேடி மலிவு விலையில் விற்கும் ‘வுட்ஸ் சோகன்’ இன்னொன்று. அதே மனிதரின் பட்டறையில் வாங்கினால் சில நூறு டாலர். இது 100 டாலருக்குள்.

பெட்டியிலிருந்து எடுத்த உடனே இவற்றை வேலைக்குக் கொண்டு போகக்கூடாது. ட்ரெயில் ஹாக்கின் தலையில் பக்கவாட்டில் ஒரு சிறு திருகு இருக்கும், தலை கழன்றுவிடாமல் இருக்க. அந்தத் திருகின் முனை காம்பின் மரத்தைக் குடைந்து, நாளடைவில் அங்கேயே முறிய வைக்கும். அதைக் கழற்றி எறியுங்கள். துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தால் பிசிறும், திட்டுத்திட்டாகக் காய்ந்த கறுப்புப் பூச்சும் தட்டுப்படும். அரைவட்ட அரத்தால் ராவிச் சமன் செய்யுங்கள். காம்பை மாட்டித் தட்டிக் கழற்றினால் மரத்தில் கறுப்புத் தடம் விழுந்திருக்கும். தடம் விழுந்த இடம் மட்டும்தான் இரும்பைத் தொடுகிறது. அந்த இடத்தைச் சீவி மறுபடி மாட்டுங்கள். தடம் சுற்றிலும் சீராக விழும்வரை இதைச் செய்யுங்கள். ஒரு மாலைப் பொழுது வேலை. அதன் பிறகு தலை அசையாது.

காம்பு வாங்கும்போது அதன் அடிமுனையைத் திருப்பிப் பாருங்கள். மரத்தின் நாரோட்டம் வெட்டும் வாயின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒரு நாள் முறியும். கண்ணாடிபோல் வார்னிஷ் அடித்திருந்தால் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். வியர்த்த கையிலும் வழுக்காது.

முள் வேண்டாம், சுத்தியல் போதும்

தலையின் பின்பக்கம் என்ன இருக்கிறது என்பதில்தான் வாங்குபவர்கள் அதிகம் மயங்குகிறார்கள். கூர்முள் படத்தில் மிரட்டலாகத் தெரியும். படைவீரருக்குக் கதவைத் துளைக்கவும் நெம்பவும் அது வேண்டும். முகாமில் அதற்கு வேலை ஏதும் இல்லை. மேலே ஓங்கும்போது முள் உங்கள் தலைப்பக்கம் பார்த்திருக்கிறது. மரத்தில் பட்டு கோடாலி துள்ளினால் எங்கே வரும் என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு முள்வைத்த டோமாஹாக்கைக் கொண்டு போகாதீர்கள்.

தட்டையான சுத்தியல் முகம் ஒவ்வொரு நாளும் பயன்படும். முளை அடிக்கலாம், ஆணி அடிக்கலாம், எலும்பு உடைக்கலாம். அதுவே தலைக்கு எதிர் எடையாகவும் நிற்பதால் வீச்சு நேராக விழும்.

வீசி விளையாடுவதற்கு என்று வாங்குபவர்கள் வேறு. கோடாலி வீச்சு இன்று உள்ளரங்க விளையாட்டாகிவிட்டது. கனடாவின் டொராண்டோவில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் 2006-ல் நண்பர்கள் கூடி ஆரம்பித்த ஆட்டம், 2011-ல் வாடகைக் கூடத்துக்கு வந்து, பிறகு வட அமெரிக்கா முழுக்கப் பரவியது. 2017-ல் இதற்கு உலகக் கூட்டமைப்பே உருவானது. டொராண்டோ தமிழர்கள் நிறைந்த நகரம் என்பதால் நம் பிள்ளைகளும் அந்தக் கூடங்களுக்குப் போகிறார்கள். வீச்சுக்கு மரக்காம்பு மட்டுமே சரி. குறி தவறி இன்னொரு கோடாலியின் மேல் விழுந்தால் காம்பு முறியும். மரக்காம்பு என்றால் 10, 15 டாலரில் மாற்றிவிடலாம். வீட்டுக் கொல்லையில் வீசுகிறவர்கள் இலக்குப் பலகையைக் காய்ந்த கடின மரத்தில் செய்யாதீர்கள். கோடாலி பதியாமல் அதே வேகத்தில் திரும்பி வரும்.

யாருடைய கருவி?

டோமாஹாக்கை வெறும் போர்க்கருவியாகக் காட்டி விற்பது அதன் வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. பூர்வகுடிகளிடம் புகைக்குழாய் டோமாஹாக் என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் கோடாலி வாய். மறுபக்கம் புகையிலை வைக்கும் கிண்ணம். காம்பு முழுக்க உள்ளே துளை. பேச்சுவார்த்தைகளில் அதைப் பகிர்ந்து புகைத்தார்கள், உடன்படிக்கைகளில் பரிசாகக் கொடுத்தார்கள்.

அப்படி ஒன்றின் கதை இது. 1877-ல் போன்கா மக்களை அமெரிக்க அரசு நெப்ராஸ்காவிலிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்கு வலுக்கட்டாயமாகத் துரத்தியது. அங்கே நோயிலும் பசியிலும் பலர் மடிந்தார்கள். தலைவர் ஸ்டாண்டிங் பேரின் மகனும் இறந்தான். மகனைத் தாய்மண்ணில் புதைக்க வேண்டும் என்று, 1879 ஜனவரிக் குளிரில், அவர் ஒரு சிறு கூட்டத்தோடு நடந்தே புறப்பட்டார். வழியில் கைதானார். ஒமாஹா நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பூர்வகுடியும் சட்டத்தின் பார்வையில் ஒரு மனிதரே என்று நீதிபதி எல்மர் டண்டி 1879 மே 12-ல் தீர்ப்பளித்தார். தனக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவரான ஜான் வெப்ஸ்டருக்கு நன்றியாக ஸ்டாண்டிங் பேர் கொடுத்தது தன் புகைக்குழாய் டோமாஹாக்கை. பல கை மாறி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபடி அருங்காட்சியகத்தில் இருந்த அது, 2022-ல்தான் போன்கா மக்களிடம் திரும்பி வந்தது.

இப்படிப்பட்ட பொருளை நுரைப்பஞ்சில் செய்து மைதானத்தில் ஆட்டிக் கத்துவது அந்த மக்களுக்கு எப்படி வலிக்கும்? 2019-ல் செரோகி இனத்தைச் சேர்ந்த பேஸ்பால் வீரர் ரயன் ஹெல்ஸ்லி, அட்லாண்டா பிரேவ்ஸ் ரசிகர்களின் ‘டோமாஹாக் சாப்’ சைகை தன் மக்களை இழிவுபடுத்துகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய அணிக்கும் பிரேவ்ஸுக்கும் அப்போது நடந்த தொடரின் கடைசி ஆட்டத்தில் பிரேவ்ஸ் நிர்வாகம் இருக்கைகளில் நுரை டோமாஹாக் வைப்பதை நிறுத்தியது. வழக்கம் அத்தோடு ஒழியவில்லை.

---
பெட்டிச் செய்தி: ‘பூர்வகுடிகள் செய்தது’ என்று விற்றால்?

பூர்வகுடிகள் செய்யாத கைவினைப் பொருளை அவர்கள் செய்தது என்று சொல்லி விற்பது அமெரிக்காவில் கூட்டரசுக் குற்றம். 1990-ம் ஆண்டு ‘இந்தியன்’ (அதாவது அமெரிக்கப் பூர்வகுடி) கலை, கைவினைச் சட்டத்தின்படி, முதல் முறை சிக்கும் தனிநபருக்கே 2,50,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. இறகும் மணியும் கட்டிய டோமாஹாக்கை வாங்கும் முன், செய்தவர் பெயரையும் அவர் எந்தப் பழங்குடியில் பதிவு பெற்றவர் என்பதையும் கேளுங்கள்.
---

இந்தியாவில் வாங்கலாமா?

நம் ஊர் இணையக் கடைகளிலும் ‘டாக்டிகல் ஆக்ஸ்’ என்ற பெயரில் கறுப்புக் கோடாலிகள் காணக் கிடைக்கின்றன. ஆயுத விதிகள் 2016, கூர்மையான கொலைக்கருவிகளின் பட்டியலில் வாள், குத்துவாள், ஈட்டியோடு போர்க்கோடாலியையும் சேர்த்திருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்க உரிமம் தேவை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும். வீட்டு உபயோகம், விவசாயம், தொழிலுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. விறகுக் கோடாலியோடு போகிறவர் அந்த விலக்கைச் சொல்லலாம். போர்க்கருவி என்றே விளம்பரம் செய்து விற்ற ஒன்றை வண்டியில் வைத்திருப்பவர், வாகனச் சோதனையில் அதை எப்படிச் சொல்வார்? அமெரிக்காவிலும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. விமானத்தில் கோடாலியைக் கைப்பையில் கொண்டு போக முடியாது, சரக்குப் பெட்டியில் உறையிட்டுத்தான் வைக்க வேண்டும்.

ஆக, வட அமெரிக்காவில் இருந்து முகாமுக்கோ விளையாட்டுக்கோ வாங்குகிற வாசகர்களே: 1055 எஃகு, அச்சில் அடித்த தலை, சுத்தியல் முகம், மேலிருந்து மாட்டும் ஹிக்கரி காம்பு. இவை இருந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஓர் அரமும், சாணைக்கல்லும், வாயை முழுக்க மூடும் தோல் உறையும், மாற்றுக் காம்பு ஒன்றும் வாங்கிவிடலாம். தமிழ்நாட்டில் இருக்கிற வாசகர்களே, இணையத்தில் கறுப்புக் கோடாலி தேடாதீர்கள். உங்கள் பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருக்கும் கொல்லரிடம் போய், என்ன வேலைக்கு என்று சொல்லி, ஒரு நல்ல கைக்கோடாலி அடித்துத் தரச் சொல்லுங்கள். வாய் மழுங்கினால் அவரிடமே திரும்பக் கொண்டு போகலாம்.